யாரும் மிதிக்காத கால்மிதி

எனக்குக் கல்யாணம் நடந்ததற்கு முதல் காரணம் கர்த்தர். அடுத்த காரணம் ஒரு பட்டன் பேட்டரி. (மாம்பழத்தை விட்டுட்டியே என்று என் கணவர் இதைப் படித்ததும் கேட்பார். பொறுங்கள், அதுவும் வருகிறது.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. வாடகை வீடு. முன்னறைச் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறி, காலையில் பார்த்தால் எங்கள் சித்தப்பா முகம் மாதிரியும் சாயங்காலம் பார்த்தால் தேசப்படம் மாதிரியும் இருக்கும்.

அதற்குள் இரண்டு குடும்பங்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தன. கூமாப்பட்டிக்காரர்கள் காரணமே சொல்லவில்லை. தளவாய்புரத்து அம்மா சொன்னார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கு. வீடுதான் வெறிச்சுனு கெடக்கு. கிறிஸ்தவ வீடுங்கிறதுக்குச் சாட்சியா சொவத்துல ஒண்ணுமே காணோம்."

"ஏன், சொவத்தையா தாலி கட்டிக் கூட்டிட்டுப் போகப் போறான்?" என்று அம்மா அவர்கள் தெருமுனை தாண்டியதும் கேட்டாள். (அம்மாவின் நல்ல வசனங்கள் எல்லாம் ஆள் போன பிறகுதான் வெளியே வரும்.) எனக்கு அந்தச் சொல் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்து, அடுத்த சனிக்கிழமை பார்க்க வருகிறோம் என்று தகவலும் வந்தபோது முடிவு செய்தேன். இந்த முறை சாட்சியில் யாரும் குறை கண்டுபிடிக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜாய்ஸ் அக்கா எங்கள் சபைக்கு வந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பந்தல் போட்டு மேசை மேசையாகச் சாமான்கள். குடும்பங்களுக்கான சிறப்பு விற்பனையாம். வசனப் பலகை, இருட்டில் மின்னும் சிலுவை, பரிசுத்த தேசத்து மண் அடைத்த சாவிக்கொத்து, வசனம் அச்சடித்த கோப்பை, துண்டு, திண்டு. ஜாய்ஸ் அக்காவுக்குத் தேன் தடவின குரல்.

"சிஸ்டர், உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா முதல்ல எதைப் பார்ப்பாங்க?"

நான் உண்மையைச் சொன்னேன். "ஓதத்தை."

அக்கா அசரவே இல்லை. "அகலம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டு, அந்த அளவுக்கே ஒரு பலகையை எடுத்துக் காட்டினார்கள்.

பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். பிடித்ததை வாங்கலாம், மற்றதை விலைச்சீட்டைக் கிழிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம். இப்படிச் சொன்னால் யார்தான் விடுவார்கள்? ஒரு ஆட்டோவில் சாமான்களை ஏற்றிவிட்டு, எனக்கு இடமில்லாமல் நான் நடந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அலங்காரம். ஓதத்தின் மேல் பெரிய பலகை. மற்ற சுவர்களில் சின்னப் பலகைகள். ஐந்து நாற்காலிகளுக்கும் இளைப்பாறுதல் தருகிற வசனம் போட்ட ஐந்து திண்டுகள். கை கழுவும் இடத்தில் சிலுவை போட்ட துண்டு. வாசலில், நம் போக்கையும் வரத்தையும் காக்கிற வசனம் பெரிய எழுத்தில் அச்சடித்த கால்மிதி. போக்கு, வரத்து, வாசல், எவ்வளவு பொருத்தம் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக மேசை நடுவில் ஒரு பெரிய வேதாகமம். தங்க விளிம்பு, சிவப்பு நாடா. அது நிஜப் புத்தகமல்ல, வேதாகமம் மாதிரி செய்த பெட்டி. உள்ளே வெல்வெட் குழி. "நகை வைக்கலாம் சிஸ்டர், திருடன் தொடமாட்டான்" என்றார்கள் ஜாய்ஸ் அக்கா. என்னிடம் ஏது நகை? ஊக்கும் ஹேர்பின்னும் போட்டு வைத்தேன். திறந்தால் கிறிஸ்மஸ் மெட்டு ஒன்று வாசிக்கும். மே மாதத்தில் கிறிஸ்மஸ் மெட்டு சரிவருமா என்று யோசித்தேன்தான். ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில் வேதாகமத்தை யார் திறக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். (இந்த ஒரு நினைப்புக்காகவே என்னை ஞாயிறு பள்ளியில் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வைத்திருக்க வேண்டும்.)

அம்மாவின் பழைய வேதாகமம்? அட்டை கிழிந்து, மில் நாடாவால் கட்டி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து ஒளித்து வைத்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை சாம்ராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். அவருடைய அம்மா, கையில் பால்கோவா டப்பா. அவருடைய அப்பா, கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, கோர்ட் உத்தரவோடு வீட்டுக்குள் நுழைந்து, சாமான்களைப் பட்டியல் போட்டு ஜப்தி செய்கிற உத்தியோகம். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஆளா அவர்!

முதலில் படி ஏறினது மாப்பிள்ளையின் அம்மா. தூக்கின காலை வைக்காமல் அப்படியே நின்றார்கள்.

"என்னங்க, கீழ வசனம் எழுதியிருக்கு."

"வாசிச்சிட்டு உள்ள போ" என்றார் அமீனா.

"வசனத்தை எப்படி மிதிக்கது? நீங்க மிதிங்க, பாப்போம்."

அவர் தன் காலைப் பார்த்தார். வசனத்தைப் பார்த்தார். மிதிக்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "வாங்க மதினி, ஏன் வெளியவே நிக்கிய?"

"வாரோம் மதினி. வழியில கர்த்தர் இருக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அம்மாவும் அப்பாவும் பின்வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் என்னவோ வேலை மும்முரம் என்று நினைத்தேன்!

அமீனா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டினார். மாப்பிள்ளையும் தாண்டினார், ஆனால் இடது குதிகால் கடைசி வார்த்தையின் மேல் விழுந்துவிட்டது. "மன்னியும் ஆண்டவரே" என்று சத்தமாகவே சொன்னார். அவர் அம்மாவுக்கு மூட்டுவலி, தாண்ட முடியாது. கோழிக்கூண்டையும் கொடியில் காய்ந்த என் கிழிந்த நைட்டிகளையும் கடந்து, பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது உட்காருகிற பிரச்சினை. வசனத்தின் மேல் எப்படி உட்காருவது? ஆளுக்கொரு திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவும் அப்பாவும் அப்படியே. ஐந்து பேரையும் பார்த்தால், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் காத்திருக்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை கேசரி சாப்பிட்டுக் கை கழுவினார். துண்டிலிருந்த சிலுவையைப் பார்த்தார். பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

அமீனாவின் கண் மட்டும் சுவர் சுவராக நகர்ந்துகொண்டிருந்தது. உதடு அசைந்தது.

"பலகை பெருசு ஒண்ணு, சிறுசு எட்டு. சிலுவை, மின்னுறது மூணு…"

அம்மா மடியிலிருந்த திண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "என்ன அண்ணாச்சி எண்ணுதீய?"

"ஒண்ணுமில்ல மதினி, பழக்கதோசம். ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா கண்ணு தன்னால எண்ணிப்போடும்."

எழுந்து போய்ப் பெரிய பலகையின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பின்னால் விலைச்சீட்டு. அதற்கும் பின்னால் சித்தப்பா முகம். பலகையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த வரனும் போச்சு என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா சொன்னார்கள். "ஜெபம் பண்ணிட்டுப் பொறவு பேசுவோம். நீயே ஒரு சங்கீதம் வாசி தாயி. உன் குரலும் கேட்ட மாதிரி இருக்கும்."

எல்லோர் கண்ணும் மேசை மேலிருந்த தங்க விளிம்புக்குப் போயிற்று.

நான் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி திறந்தேன். கிறிஸ்மஸ் மெட்டு கணீரென்று ஆரம்பித்தது. மெட்டுக்கு மேலே குரலை உயர்த்தி, இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது முதல் மூன்று வசனம்தான். நாலாவதில் நின்றுபோனேன். குனிந்து பார்த்தால் ஊக்கும் ஹேர்பின்னும்தான் இருக்கிறது. மெட்டு மட்டும் நிற்காமல் பாடுகிறது. மூடினேன், அப்போதும் நிற்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். பெட்டியை வாங்கி, கவிழ்த்து, அடியில் இருந்த சின்ன மூடியை நகத்தால் நெம்பி, பட்டன் பேட்டரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வீடு அமைதியாயிற்று. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் என் வாழ்க்கையில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"உள்ள ஊக்குல்ல இருக்கு."

(அந்தக் குரலில் கேலி இல்லை. அந்த நிமிஷத்திலேயே நான் அவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டேன். ஆனால் அதை யாரிடம் சொல்வது?)

அம்மா எழுந்தாள். "ஏட்டி ராணி, நம்ம வேதம் எங்க?"

பொய் சொல்லித் தப்பிக்க என்னிடம் வேறு சாமான் இல்லை.

"அரிசி டிரம்முல."

அப்பா வாய் திறந்தார். "நல்லவேளை, வடிச்சிராம வச்சிருக்கா."

நானே போய்த் தோண்டி எடுத்தேன். அந்த டிரம்மில்தான் அப்பா சப்பட்டை மாம்பழத்தைப் பழுக்கப் போட்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அரிசி உதிர வேதாகமத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், அறை முழுக்க மாம்பழ வாசம். விசும்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தளவாய்புரத்து அம்மா, ஓதம், ஜாய்ஸ் அக்கா, பத்து நாள் தவணை, எல்லாம். ஜாய்ஸ் அக்கா மேல் இன்றைக்கும் எனக்குக் கோபமில்லை. ஓதத்தை மறைக்க ஆசைப்பட்டவள் நான்தானே.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதாகமத்தைப் புரட்டினார்கள். ஓரமெல்லாம் அம்மாவின் பென்சில் எழுத்து. ஒரு இடத்தில் நிறுத்தி உரக்க வாசித்தார்கள். "ராணி கணக்கில் பாஸ். ஸ்தோத்திரம். இங்கிலீசுக்கு இன்னும் ஜெபிக்க வேண்டும்." மாப்பிள்ளை திண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். வசனத்தைக்கூட மறந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர்கள் வாசிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அம்மா எழுதியிருந்தாள்: கூமாப்பட்டி. அதை அடித்து, கீழே தளவாய்புரம். அதையும் அடித்து, அதற்குக் கீழே ஸ்ரீவில்லிபுத்தூர், பக்கத்தில் பெரிசாக ஒரு கேள்விக்குறி.

"இது என்ன மதினி?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் கேட்டுக்கிட்டு இருந்ததுதான் மதினி. பதில்தான் வரல."

அமீனா வேதாகமத்தைக் கையில் வாங்கி, பழக்கதோசத்தில் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். "விலைச்சீட்டு இல்லாத சாமான் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்" என்றார்.

அம்மா வாழ்க்கையில் முதல்முறையாக, ஆள் எதிரே இருக்கும்போதே வசனம் பேசினாள். "எம் பிள்ளைக்கும் சீட்டு ஒட்டல அண்ணாச்சி."

வரதட்சணையைத்தான் சொல்கிறாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "எங்க பையனுக்கும் ஒட்டல மதினி" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு ரப்பர் இருந்தாக் கொடு தாயி" என்று என்னிடம் கேட்டார்கள். எல்.கே.ஜி. டீச்சர் கைப்பையில் ரப்பருக்கா பஞ்சம்? கேள்விக்குறியை மட்டும் பதமாக அழித்தார்கள். அழித்த துகளை ஊதிவிட்டு, "இப்ப ஜெபம் பண்ணுவோம். பொறவு அந்த மாம்பழத்தை அறுங்க, செத்த நேரமா வாசனை ஆளைக் கொல்லுது" என்றார்கள்.

சாமான்களை எல்லாம் ஜாய்ஸ் அக்கா திருப்பி எடுத்துக்கொண்டார்கள், கால்மிதியைத் தவிர. அதில் குதிகால் தடம் இருந்தது. இப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்குகிறது. (இங்கேயும் ஓதம்தான்.) வருகிற சொந்தக்காரர்கள் யாரானாலும் வாசலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, "மிதிக்கலாமா, எழுத்து ஏதும் இருக்கா?" என்று கேட்காமல் உள்ளே வருவதில்லை. வீட்டில் எது காணாமல் போனாலும் என் கணவர் நேரே அரிசி டிரம்மைத்தான் திறக்கிறார்.

என் மாமியார் இன்றைக்கும் ராஜபாளையத்துக்குப் போனால் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். முன்வாசல் திறந்துதானே இருக்கிறது என்று அம்மா சொன்னால், "இருக்கட்டும் மதினி. எங்களுக்குப் பொண்ணு கிடைச்சது இந்த வழியிலதான்" என்கிறார்கள்.