மூக்கு உள்ளவரை

என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்தது என் மூக்கை நம்பித்தான். முழி சுமார். சோப்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கும் பிரிவில் வேலை. கலவையில் ஒரு சொட்டு கூடினாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன்.

கல்யாணமான புதிதில், நான் வேலை முடிந்து வந்தால் மனைவி கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே கேட்பாள்.

"இன்னிக்கு நான் என்னல்லாம் பண்ணேன், சொல்லுங்க பாப்போம்."

"தலைக்குக் குளிச்சிருக்க. பெட்டியிலேர்ந்து பழைய புடவை எடுத்திருக்க. பால் பொங்கிடுச்சு."

உள்ளே ஒரு சிரிப்புக் கேட்கும். அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகும். அந்தச் சிரிப்புக்காகவே ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பிய காலம் அது. நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவளிடம் மூச்சு விடவில்லை. மூக்கு போன பிறகு என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? குத்துமதிப்பாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி. நெடுநாள் தம்பதிகளுக்கு ஒருவர் வாசனை ஒருவருக்குத் தெரியுமா என்று. ஆளுக்கொரு வெள்ளை பனியன் கொடுப்பார்கள். அதைப் போட்டுத் தூங்கிவிட்டுப் பையில் கொண்டுபோக வேண்டும். அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள்.

"நாமளும் போவோங்க," என்றாள். "பக்கத்து வீட்டுத் தையல்காரரும் அவர் வீட்டம்மாவும்கூட வராங்க."

"நம்ம வீட்டு விஷயத்துல யூனிவர்சிட்டி எதுக்கு மூக்கை நுழைக்கணும்?"

"அவங்க நுழைக்கல. நீங்கதான் நுழைக்கணும்."

தப்ப வழியில்லை. அவள் குளிக்கப் போன நேரம், அவள் பனியனின் தோள் தையலில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு வைத்தேன். கண்ணைத்தானே கட்டுவார்கள், விரலையா கட்டுவார்கள்?

ஆய்வுக்கூடத்தில் ஐந்து பனியன்கள். நாலாவதில் முடிச்சு தட்டுப்பட்டது. சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? பனியனை முகத்தில் பொத்திக்கொண்டு பெருமூச்சு விட்டேன்.

"இதேதான். கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிப்பாளே, அந்த வாசனை. எத்தனை ஜென்மம் எடுத்தாலும் மறக்காது."

குரல் நிஜமாகவே தழுதழுத்தது. 

"சார்," என்றாள் ஆராய்ச்சி மாணவி, "அது உங்க பக்கத்து வீட்டுக்காரர் போட்டது."

கண்கட்டை அவிழ்த்தேன். தையல்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

"ரெண்டு வீட்டுப் பையையும் நான்தானே எடுத்துட்டு வந்தேன்," என்றாள் மனைவி. "முடிச்சை அவுத்து அவரோடதுல போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"போன மாசம் பால் தீஞ்சு வீடே நாறுச்சு. என்ன வாசனைன்னு கேட்டேன். நீங்க பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காம, புது சோப்பான்னு கேட்டீங்க. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"தெரிஞ்சா மதிக்க மாட்டியோன்னு பயந்துட்டேன்."

அவள் மாணவி பக்கம் திரும்பினாள். "வாசனை போனவங்களுக்குத் தினமும் மோப்பப் பயிற்சி குடுக்கறீங்களாமே, அதுல இவரைச் சேர்த்துக்கம்மா."

"சேர்க்கலாம். ஆனா அவரோட சம்மதம் வேணுமே."

"அதுவா?" என்றாள் மனைவி. "அது முப்பது வருஷமா என்கிட்டதான் இருக்கு."