பலா மரத்தடியில் புதைத்த தேயிலை

அன்பர்களே, உங்கள் கொல்லையில் நேற்று உதிர்ந்த இலை இன்று எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது உங்களை நீங்களே கேட்டுக்கொண்டதுண்டா? கூட்டித் தள்ளினேன், போயிற்று என்று பதில் சொல்லாதீர்கள். இவ்வுலகில் எதுவும் அப்படிச் சுலபமாகப் போய்விடுவதில்லை.

சென்ற சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கொல்லையில் புதைத்து வைத்திருந்த தேயிலைப் பைகளைத் தோண்டி எடுத்துக் காகித உறையில் போட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

தேயிலைப் பையை எதற்காகப் புதைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் மகள் வைஷ்ணவி ஆராய்ச்சி மாணவி. நம் ஊர் வீட்டுத் தோட்டங்களின் மண் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதே அவள் ஆராய்ச்சி. மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்து இலையாக்குகிறது. இலை உதிர்ந்து மண்ணைச் சேர்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஒரு பங்கை மீண்டும் காற்றுக்கே விட்டுவிடுகின்றன. மிச்சம் மண்ணில் தங்குகிறது.

எவ்வளவு தங்கும் என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. எடை தெரிந்த தேயிலைப் பைகளைப் புதைத்து, மூன்று மாதம் கழித்து எடுத்து, உலர்த்தி, மறுபடி எடை பார்ப்பார்கள். பச்சைத் தேயிலை சீக்கிரம் மக்கும். சிவப்புத் தேயிலை நிதானமாக மக்கும். இரண்டையும் ஜோடியாகப் புதைத்தால் அந்த மண்ணின் குணம் வெளிப்பட்டுவிடும். மனிதர்களுக்கும் இப்படியொரு பரிசோதனை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அப்போதே நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

வைஷ்ணவி அன்று விடியற்காலையிலேயே மண் எடுப்பதற்காகக் கல்லாற்றுக் காட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்.

"அப்பா, இன்னிக்கே எடுத்துடணும். தள்ளிப் போடப்படாது. இது போச்சுன்னா அடுத்த மழை வரைக்கும் நான் காத்திண்டிருக்கணும். ஒரு வருஷம் போயிடும். என் கைடு சும்மா இருக்க மாட்டார்."

"ஒரு பையை எடுக்கறதுக்கு இவ்வளவு பீடிகை எதுக்குடி?"

"எடுக்கப் போறது நீயாக்கும். அதுக்குத்தான்."

பிள்ளைகளுக்கு நம்மீது நம்பிக்கை இல்லாமல் போவது ஏன் என்று ஒரு சிந்தனை எனக்குள் எழுந்தது. அதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மண்கொத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பைகள் இரண்டு இடங்களில் இருந்தன. ஒன்று, என் கொல்லை. நாள்தோறும் கூட்டி, இலை தழையெல்லாம் எரித்து, பளிங்கு போல வைத்திருக்கும் இடம். மற்றொன்று, இலை மூடிக் கிடக்கிற, துடைப்பமே காணாத இடமாக வேண்டும் என்றாள் வைஷ்ணவி. நம் ஸ்ரீவராகம் பகுதியில் அப்படிப்பட்ட இடத்துக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு சுசீலா மாமியின் பலா மரத்தடிதான். நடுவிலிருந்த மதில் மழையில் சரிந்து, இரண்டு கொல்லையும் ஒன்றாகக் கிடந்தது.

"மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வை" என்று வைஷ்ணவி அப்போதே சொல்லியிருந்தாள்.

நான் கேட்கவில்லை. மாமி தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பைகளைப் புதைப்பதற்குச் சில நாள் முன்புதான், தூய்மை என்பது கொல்லையில் தொடங்குகிறது என்று நான் குழுவில் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதில் பலா இலையைப் பற்றி மூன்று உவமைகள் இருந்தன. அதன் பிறகு மாமி என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார். அறிவைத் தேடுபவனுக்கு அனுமதி எதற்கு என்று எனக்கு நானே உபதேசம் செய்துகொண்டு, ஒருநாள் அதிகாலையில் பலா மரத்தடியில் குழி தோண்டினேன்.

எப்படித் தோண்டினேன் என்பதையும் கேளுங்கள். குளித்து, நெற்றி நிறைய விபூதி இட்டிருந்தேன். தூறலில் வேட்டி நனைந்திருந்தது. பையில் தொங்கும் அடையாளச் சீட்டின் நூல் இற்றுப் போய்விடக் கூடாதே என்று, வீட்டில் பூஜைக்கு வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்துக் கட்டினேன். சீட்டுகளில் எல்லாம் ஏழு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வைஷ்ணவியின் பட்டியலில் அது ஏழாம் இடம். ஒவ்வொரு ஜோடியாகக் குழியில் வைக்கும்போது தவறு நேராமலிருக்க, "பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைத்தேன்.

இதை ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நான் நினைக்கவில்லை. நல்ல வேளையாக ஒருவரும் பார்க்கவில்லை. கெட்ட வேளையாக, சனிக்கிழமை காலை நான் பலா மரத்தடிக்குப் போனபோது அங்கே குழிகள் மட்டும்தான் இருந்தன.

பைகள் இல்லை. இலைச் சருகை யாரோ ஒதுக்கி, மண்ணைப் புதிதாகத் தோண்டியிருந்தார்கள். மாமி வீட்டுக்குள்ளிருந்து நெய் கருகும் வாசனை வந்தது.

முன்வாசல் வழியாக ஓடினேன். கூடத்தில் செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்திருந்தது. எதிரே ஒரு ஜோசியர். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பணிக்கர் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு முன்னால் வாழையிலை. இலையில் என் மகளின் தேயிலைப் பைகள், மஞ்சள் பொடி தூவப்பட்டு, வரிசையாகப் படுத்திருந்தன. ஒரு பையைக் கத்தியால் கிழித்து வேறு பார்த்திருந்தார்கள்.

சண்டை மறந்துவிட்டது மாமிக்கு. "வாங்கோ மணி, நல்ல சமயத்துல வந்தேள். நாலு நல்ல வார்த்தை சொல்ற மனுஷா பக்கத்துல இருந்தா ஒரு தைரியம். பாருங்கோ இந்த அக்கிரமத்தை. பலா மரத்தடியில எனக்கு யாரோ கூடோத்திரம் வெச்சிருக்கா. இவர் சொல்லித்தான் தோண்டிப் பார்த்தோம்."

கூடோத்திரம் என்றால் செய்வினை. நம் தெருவில் தமிழ்ப் பேச்சுக்கு நடுவிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் மலையாளத்தில்தான் சொல்வார்கள். மொழிபெயர்த்தால் சக்தி குறைந்துவிடும் என்பது போல.

"யாரு வெச்சான்னு தெரியுமா?" என்றேன்.

பணிக்கர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஆணாக்கும். குளிச்சு, நனஞ்ச முண்டு உடுத்து, விபூதி பூசி வந்த ஆளு. தூரத்து ஆளு அல்ல. வடக்குப் பக்கம்."

மாமியின் வீட்டுக்கு வடக்கே என் வீடு மட்டுமே இருக்கிறது. ஆனால் மாமி என்னைச் சந்தேகிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எல்லாத்திலும் ஏழு எழுதியிருக்கு, நோக்கணும்" என்றார் பணிக்கர். "ஏழரைச் சனி. ஏழு கிட்டியாச்சு. இனி அரை எவிடே?"

"அரையை வேற எங்கேயாவது புதைச்சிருப்பானோ?"

"அடுத்த கொல்லையில தோண்டி நோக்கணும்."

அடுத்த கொல்லையில் என் வீட்டுப் பைகள் இன்னும் மண்ணுக்குள்ளே இருந்தன. பணிக்கர் இடுக்கியால் முதல் பையைத் தூக்கி நெருப்பின் மேல் கொண்டுபோனார். மூன்று மாதமாக மண் அரும்பாடுபட்டுப் பிடித்து வைத்த கார்பன் முழுவதும் ஒரு நிமிஷத்தில் புகையாகிக் காற்றுக்குப் போகப் போகிறது. கூடவே என் மகளின் ஒரு வருஷமும்.

"நிறுத்துங்கோ. அதை வெச்சது நானாக்கும்."

இடுக்கி அந்தரத்தில் நின்றது.

"நீங்களா?" என்றார் மாமி. "தினம் கார்த்தால நல்ல சிந்தனை அனுப்பற நீங்களா?"

அன்பர்களே, அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். இது தேயிலை, என் மகளின் ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் நான் கதை சொல்லாமல் எதையும் விளக்கிப் பழகியவன் அல்லன்.

"மாமி, ஓர் இலை மண்ணைப் பார்த்துக் கேட்டதாம், என்னை எவ்வளவு காலம் வைத்திருப்பாய் என்று. மண் சொன்னதாம், அது உன் உடம்பைப் பொறுத்தது. மெலிந்தவர்கள் சீக்கிரம் காற்றாகிப் போய்விடுவார்கள். தடித்தவர்கள் தங்குவார்கள். எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வர வேண்டும்."

மாமியின் முகம் சிவந்தது. "மெலிஞ்சவா காத்தாப் போயிடுவான்னு எங்காத்துக்கே வந்து சொல்றேளா? என் பொண்ணு ரம்யா டயட்ல இருக்கான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஐயோ மாமி, அது டீ."

"டீயா?"

"வெறும் டீ. பச்சை டீ ஒண்ணு, சிவப்பு டீ ஒண்ணு."

பணிக்கர் கிழித்த பையை மோந்து பார்த்தார். "சாரே, இந்தத் தொழிலில நான் தகடு கண்டிருக்கேன். முட்டை கண்டிருக்கேன். கோழித் தலையும் கண்டிருக்கேன். டீ கண்டதில்ல."

"டீயை மனுஷா குடிப்பா, இல்லேன்னா கொட்டுவா" என்றார் மாமி. "யாராவது புதைப்பாளா? இந்த மூணு மாசமா எங்காத்துல என்ன நடந்ததுன்னு தெரியுமா? மிக்ஸி புகைஞ்சுது. எனக்கு முட்டி வலி. ரம்யாவுக்கு வந்த வரன் எல்லாம் வரிசையா தட்டிப் போச்சு. கடைசியா வந்தவன் பொண்ணு புடிச்சிருக்குன்னான், ஊரு புடிக்கலேன்னான். எல்லாம் டீயா?"

அப்போது என் செல்போன் அடித்தது. கல்லாற்றில் எங்கோ ஒரு பாறை மேலேறி நின்று வைஷ்ணவி கூப்பிட்டிருந்தாள்.

"அப்பா, எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. எடுத்தவா வேற."

நடந்ததைச் சொன்னேன்.

"மஞ்சள் பொடி போட்டிருக்காளா? அப்பா, மஞ்சளும் கார்பனாக்கும். கழுவிடாதே. கழுவினா உள்ள இருக்கறது கரைஞ்சு போயிடும். காய வெச்சு நான் பிரஷ்ஷால தட்டிக்கறேன். போனை மாமிகிட்ட குடு."

ஒலிபெருக்கியில் போட்டேன். வைஷ்ணவி மன்னிப்புக் கேட்டாள், சுருக்கமாக விளக்கினாள். நான் அரை மணி நேரம் எடுத்திருப்பேன். மாமியின் முகம் மெல்ல இளகியது.

"கொழந்தே, உன் படிப்புக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொல்லை முழுக்கத் தோண்டிக்கச் சொல்லியிருப்பேனே."

"கேக்கச் சொல்லித்தான் மாமி அப்பாவை அனுப்பினேன்."

மாமி, பணிக்கர், இருவரும் என்னைப் பார்த்தார்கள். அக்கினியும் பார்த்தது போலத் தோன்றியது.

பைகளை இலையோடு எடுத்துக்கொண்டு நழுவலாம் என்று குனிந்தேன். பணிக்கர் இடுக்கியை நீட்டினார்.

"சாரே, கத்திச்சு வளர்த்தின தீயைப் பட்டினி போடக் கூடாது. இதுக்குப் பதில் வேற வேணும். வெச்ச ஆளுதான் போடணும். குளிச்சு, நனஞ்ச முண்டோட."

மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று நான் எழுதிய கட்டுரைகள் குழுவில் வரிசையாக இருக்கின்றன. நீங்களெல்லாம் கைகூப்பும் படம் போட்டுப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த நான் மாமி வீட்டுக் கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். பைகள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே.

"நட்சத்திரம்?"

"திருவாதிரை."

"அப்படியா" என்று பணிக்கர் மாமியைப் பார்த்துத் தலையாட்டினார். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

மாமி சமையலறையிலிருந்து தேயிலைத் தூள் டப்பாவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கரண்டியாக நெருப்பில் போட்டேன். கூடம் முழுவதும் கருகிய டீ வாசனை. பிறகு மும்முறை வலம் வரச் சொன்னார் பணிக்கர். வந்தேன். இரண்டாம் சுற்றில் ரம்யா அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மணி அங்கிள் எதுக்கு சுத்தறார்?"

"டீ போடறார்."

மறுநாள் வைஷ்ணவி பைகளை உலர்த்தி, மெல்லிய தூரிகையால் மஞ்சளைத் தட்டி, எடை பார்த்தாள். கிழிந்தது தவிர மற்றவை பிழைத்தன. என் கொல்லைப் பைகளையும் முந்தின நாள் மாலையே நான் எடுத்துவிட்டிருந்தேன், மாமியின் மேற்பார்வையில். பணிக்கர் சொன்ன அரை அங்கே இல்லை என்று மாமி நேரில் நிச்சயம் செய்துகொண்டார்.

பட்டியலில் கிழிந்த பைக்கு எதிரே காரணம் எழுத வேண்டும். எலி, கறையான், வெள்ளம் என்று எழுதுவதுண்டாம். வைஷ்ணவி சற்று யோசித்து, மனிதத் தலையீடு என்று எழுதினாள்.

"பணிக்கரைத்தானே சொல்றே?" என்றேன்.

"இல்லப்பா."

பாதி திறந்த ஜன்னல் வழியாக மாமி கேட்டார், "என் மண்ணு எப்படிடி இருக்கு?"

"ஒரு தடவை பார்த்து முடிவா சொல்லப்படாது மாமி. ஆனா இந்தத் தடவை உங்க பலா மரத்தடி நன்னா பிடிச்சு வெச்சிருக்கு. எங்க பக்கம்தான் எல்லாத்தையும் காத்துல விட்டுடறது. கூட்டிக் கூட்டி, எரிச்சு எரிச்சு, மண்ணு வெறும் மண்ணாயிடுத்து."

மாமி ஜன்னலை முழுவதுமாகத் திறந்து வைத்தார். அதைவிட ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகவே அன்பர்களே, இது கதையல்ல, வேண்டுகோள். வைஷ்ணவிக்கு அடுத்த மழைக்கு முன் இன்னும் சில கொல்லைகள் வேண்டும். இந்தக் குழுவில் இருக்கிறவர்கள் இன்று இலையை எரிக்காதீர்கள், அப்படியே கிடக்கட்டும். தயவுசெய்து இன்றே, இப்போதே, உங்கள் சம்மதத்தைச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வீடாக வருகிறேன். நீங்களும் யார் மண்ணில் எதை வைப்பதாக இருந்தாலும் இன்று முதல் இந்த முறையைக் கைக்கொள்ளுங்கள்: முதலில் கதவைத் தட்டுங்கள், குழியைப் பிறகு தோண்டலாம்.