குப்பைக்கூடைச் சீட்டைக் காணோம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை முறையாகும் என் மனைவி, இருமல் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கு அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இடமாற்ற மனுக்கள் எல்லாம் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போகின்றன என்று அக்கா பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதுவரை நான் உங்களிடம் ஓர் உதவியும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இத்துடன் வைத்திருக்கும் மனுவைக் கட்டின் அடியில் போட்டுவிடாமல் மேலே வையுங்கள். எந்த அலுவலகமானாலும் சரி, எந்த மூலையானாலும் சரி, கோப்புகள் மட்டும் இருந்தால் போதும். கோப்புகள் சாக்பீஸ் தின்பதில்லை.

பத்தொன்பது வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து மாதத்துக்கு முன்பு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், ரெண்டாம் வகுப்புக்கு ஆள் இல்ல, தற்காலிகமா பாத்துக்குங்க" என்றார். தற்காலிகம் என்றால் ஒரு வாரம் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்லணும். அங்கே போனால் முப்பத்தொரு பிள்ளைகள், அதில் பாதிக்கு முன்பல் இல்லை. போன மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறை மொழிவளம் நிறைந்ததாக இருக்க வேண்டுமாம், சுவரே பாடம் சொல்ல வேண்டுமாம், கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்ட வேண்டுமாம். நானும் உட்கார்ந்து எழுதினேன். கதவு, கரும்பலகை, அலமாரி, மின்விசிறி, உலக உருண்டை, குப்பைக்கூடை என்று நாற்பத்திரண்டு சீட்டுகள். முதலில் கோந்து போட்டு ஒட்டினேன், சுவர்ச் சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது, தலைமையாசிரியை பார்த்த பார்வையில் மறுபடி எல்லாவற்றையும் பிரித்து டேப்பில் ஒட்டினேன். கை பழகிப்போய் வீட்டிலும் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா என்று ஆரம்பித்தேன். "அப்படியே என் நெத்தியிலயும் 'மனைவி'ன்னு ஒட்டிடுங்க, மறந்துடப் போறீங்க" என்றாள் உங்கள் தங்கை.

அதோடு விட்டார்களா? சூழல் இனிமையாக இருக்க வேண்டும், எதிர்மறைச் சொல் ஒன்றும் வகுப்பில் புழங்கக் கூடாது என்று அதே சுற்றறிக்கையில் இரண்டாம் பக்கம். இல்லை, கூடாது, தெரியாது, முட்டாள், பொய், வாயை மூடு என்று ஒரு பட்டியல். இதை யார் சொன்னாலும் கண்ணாடி ஜாடியில் ஒரு பாட்டில் மூடி போட வேண்டும் என்று நான்தான், என் வாயால், விதி வைத்தேன். முதல் நாள் மாலை ஜாடியில் பதினேழு மூடி. பதினேழும் என்னுடையது. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒருவன் வரவில்லை என்றால் 'அவன் இப்போது வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறான்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாக்பீஸ் தின்னும் ஒருவனைப் பார்த்து, 'கண்ணா, சாக்பீஸ் எழுதுவதற்கு மிகவும் ஏற்ற பொருள்' என்று நான் முடிப்பதற்குள் அவன் பாதியை விழுங்கிவிடுகிறான். நேற்று உங்கள் தங்கை காபியைக் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "சர்க்கரை இனிமேல் வந்து சேரும்" என்றேன். டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் அத்தான். உண்மையான காரணம் வேறு. ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறுமி உட்காருவாள். ஜன்னல்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, வகுப்பில் ஒரு சொல் பேசியதில்லை. எழுதச் சொன்னால் எழுதுவாள். பேசச் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். மருத்துவமனையில் வேலை முடித்து எல்லோருக்கும் கடைசியாகப் பிள்ளையை அழைக்க வரும் அவளுடைய அம்மா, "வீட்டுல வாய் ஓயறதே இல்ல சார், முழுக்க உங்க வகுப்புக் கதைதான். இங்க ஏன் பேசலன்னு எனக்கே புரியல" என்கிறார். சுவரெல்லாம் சொல்லாக ஒட்டிவைத்திருக்கிறேன், அவளிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை. எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, பேருந்தில் நின்றாலும் அதே நினைப்பு. அதுவும் வெள்ளிக்கிழமை ஆய்வு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை மனுவை எழுதிவிட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். தாளை ஆட்டிக் காட்டி, "நாளைக்கு ஆய்வு முடிஞ்சதும் இத அனுப்பிடுவேன் டீச்சர், அப்புறம் நான் யாரோ இவங்க யாரோ" என்று சொல்லிவிட்டு, மனுவை மடித்து மேசை மேலிருந்த வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை ஆய்வுக்கு வந்த அதிகாரியோடு வகுப்புக்குள் நுழைகிறேன், கதவில் 'கரும்பலகை' என்றிருக்கிறது. கரும்பலகையில் 'அலமாரி'. என் மேசை 'மின்விசிறி' ஆகிவிட்டது. அதிகாரி உட்காரக் கொண்டுவந்த நாற்காலியின் முதுகில் 'உலக உருண்டை', அவரும் கொஞ்சம் அந்தச் சாயலில் இருந்தார் என்பதால் தலைமையாசிரியை முகம் வெளுத்துவிட்டது. நான் சுற்றிலும் பார்த்தேன். நாற்பத்திரண்டு சீட்டில் ஒன்றே ஒன்று சரியான இடத்தில் இருந்தது. ஜன்னலில் 'ஜன்னல்'. நேற்று மாலை நான் ஆசிரியர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது வகுப்பில் தனியாக அம்மாவுக்குக் காத்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

"யார் இப்படி ஒட்டினது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்" என்றேன். "வேணும்னேதான் மாத்தி ஒட்டினேன். பிள்ளைங்க படிச்சுக் கண்டுபிடிக்கணும். இது ஒரு பயிற்சி."

அவர் முகம் மலர்ந்தது. "அருமையான யோசனை சார்! எல்லாப் பள்ளிக்கும் சொல்லணும்" என்று பேனாவைத் திறந்தார். தலைமையாசிரியைக்கு உயிர் வந்தது. அப்போது ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

"சார் பொய் சொல்றாரு. நான்தான் மாத்தி ஒட்டினேன்."

ஜன்னல்காரிதான் அத்தான். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று ஐந்து மாதமாக யோசித்திருக்கிறேன், இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று நினைக்கவில்லை. அதற்குள் முப்பது பிள்ளைகளும், "பொய்னு சொல்லிட்டா! மூடி! மூடி!" என்று கூச்சல். அவள் எழுந்து நடந்து போய், ஒரு மூடியை எடுத்து ஜாடியில் போட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏன் மாற்றினாய் என்று அதிகாரி கேட்டதற்கு மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்றுதான் இருந்தது. குப்பைக்கூடையின் சீட்டைக் காணோம். பெஞ்சுக்கு அடியெல்லாம் தேடினோம். கடைசியில் அவர் எழுதிவிட்டுப் போனார்: மொழிவளம் திருப்தி, இனிய சூழல் முன்னேற வேண்டும், குப்பைக்கூடைக்கு உடனடியாகப் பெயர் வேண்டும்.

போகட்டும். பேசாத பிள்ளை பேசிவிட்டது. இனி நான் அங்கே இருந்து சாதிக்க ஒன்றுமில்லை, மரியாதையோடு கிளம்புவதுதான் அழகு. ஆகவே மனுவைத் தயவுசெய்து இந்த வாரமே நகர்த்திவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், முட்டிவலிக்கு நடக்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசி, எல்லோரும் நன்றாகப் படித்து நிறையப் பேசி நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் வைப்பதற்காகப் பதிவேட்டிலிருந்து மனுவை எடுத்து இப்போதுதான் பிரித்தேன். காணாமல் போன சீட்டு கிடைத்துவிட்டது. என் கையெழுத்துக்கு மேலேயே, நான்கு மூலையும் டேப் போட்டு, 'குப்பைக்கூடை' என்று ஒட்டியிருக்கிறது. நான் டீச்சரிடம் சொன்னதை ஜன்னல்காரி கேட்டிருக்கிறாள். பத்து நிமிடமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் தங்கை என்ன ஆச்சு என்று கேட்கிறாள். மனுவைச் சீட்டு சொன்ன இடத்தில் போட்டுவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். திங்கட்கிழமை முதல் வேலையாக என் பொய்க்கு ஒரு மூடி போட வேண்டும். உங்கள் அலுவலகத்தில் டேப் இருந்தால் இரண்டு சுருள் அனுப்புங்கள். சின்னச் சுருள் வேண்டாம், அடுத்த வருடத்துக்கும் சேர்த்து.