பதினொரு வேலை, ஒரே பக்கம்

மகளின் பயோடேட்டாவில் நாலாவது தாளும் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்ததும் பூவனலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னும் வருதா?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி," என்றாள் சுதாராணி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். "ஆனா கம்பெனிக்காரவ ஒரே பக்கம்னுல்லா கேட்டிருக்காவ?"

கேட்டது, தீப்பெட்டி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. ஆபீஸ் வேலை, அதுவும் நிரந்தரம். பூவனலிங்கத்தின் மகள் மாரிசெல்வி ஏழு வருடமாக எந்த விளம்பரத்திலும் பார்த்திராத சொல் அது. அந்த ஏழு வருடத்தில் அவள் பதினொரு இடத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்திருந்தாள். காற்றாலைக் கம்பெனியில் ஐந்து மாதம், விளாத்திகுளம் வத்தல் குடோனில் மூன்று மாதம், புதூர் பக்கம் ஆடு மாடு கணக்கெடுக்க நாற்பது நாள். எல்லா இடத்திலும் நல்ல பேர் சொல்லித்தான் அனுப்பி வைத்தார்கள். அனுப்பி வைத்தார்கள் என்பதுதான் பூவனலிங்கத்துக்கு உறுத்தல்.

மாரிசெல்வி ஒரு வழி வைத்திருந்தாள்.

"'ஒப்பந்தப் பணிகள்'னு ஒரே தலைப்பு போட்டு, எடத்துக்கு ஒரு வரியா அடக்கிருவோம்ப்பா. மேல, எனக்கு என்னென்ன தெரியும்னு மூணு வரி. முடிஞ்சுது."

"பதினொரு எடத்துல நிக்க முடியாத பிள்ளைன்னு நாமளே எழுதிக் குடுக்கவா? நம்ம குடும்பத்துல ஒரு ஆளுக்கு ஒரு எடம்ட்டி!"

சிவப்புப் பேனாவை வாங்கிப் பத்து இடங்களை அடித்தார். காற்றாலை மட்டும் மிஞ்சியது. பக்கம், அறுவடை முடிந்த கரிசல் மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

"மிச்ச ஆறரை வருசம் என்ன செஞ்சான்னு கேப்பாவளே அண்ணாச்சி?"

"குடும்பக் காரணம்னு போடு."

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவிய அப்படித்தான் போடுதாவ."

பூவனலிங்கம் உட்கார்ந்தார்.

"பேசாம காத்தாடிக் கம்பெனியிலயே ஏழு வருசம்னு போட்டுரவா?" என்றாள் சுதாராணி.

"பொய் எழுதவா? எங்க வம்சத்துல அந்தப் பழக்கம் கிடையாதும்மா." விறைப்பாகச் சொன்னவர், சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, அந்தப் பதினொரு எடத்துக்கும் நீயா போனே? நான்லா அனுப்பிச்சேன்? தெனமும் வண்டியில கொண்டுபோய் பஸ் ஏத்தி விட்டது யாரு?"

"நீங்கதாம்ப்பா."

"அப்ப எழுதும்மா. 'பூவனலிங்கம் அண்ட் கோ நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள். நிறுவனத்தின் சார்பில் பதினொரு இடங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டார்.' இதுல எது பொய்?"

"அண்ட் கோ யாருப்பா?"

"உங்கம்மா."

மாரிசெல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். சுதாராணி லெட்டர்பேடு அடித்தாள். பக்கத்துக் கடையில் ரப்பர் ஸ்டாம்பு தயாரானது. தொடர்புக்கு, பூவனலிங்கத்தின் செல் நம்பர். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கி, கையெழுத்துப் போட இடமும் மிஞ்சியது.

மூன்றாம் நாள் போன் வந்தது. கம்பெனி மேனேஜர் இசக்கிபாண்டி பேசினார். பூவனலிங்கம் சட்டையை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"உங்ககிட்ட மொத்தம் எத்தன பேரு அண்ணாச்சி?"

"மூணு பேரு. ஆளைக் கூட்டித் தரத்தைக் குறைக்க நமக்குப் பிடிக்காது."

"மாரிசெல்வி வேலையில எப்படி?"

"அப்படி ஒரு ஆளு எங்களுக்கு இனிமே அமையாது."

போதும் என்று மாரிசெல்வி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அவங்க இங்க வந்துட்டா உங்களுக்குச் சிரமமா இருக்குமோ?"

"பின்ன இருக்காதா? அவ இல்லைன்னா இங்கன ஒரு காரியம் ஓடாது. காலையில காப்பிகூட..."

மாரிசெல்வி போனைப் பிடுங்கி அணைத்தாள்.

ஆனாலும் மறுநாளே இருவரையும் வரச் சொன்னார்கள். கம்பெனி வாசலில் பூவனலிங்கத்துக்குக் கைவைத்த நாற்காலியும் இளநீரும் வந்தன. மாரிசெல்வியை உள்ளே கூப்பிட்டுக் கால் மணி நேரம் கேள்வி கேட்டு அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னதாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"பாத்தியா? மரியாதையா ஒரே பக்கம்," என்றார் பூவனலிங்கம், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

இசக்கிபாண்டி ஒரு தாளோடு வெளியே வந்து, பூவனலிங்கத்தை மட்டும் பார்த்துக் கும்பிட்டார்.

"பிள்ளை ரொம்பக் கெட்டி அண்ணாச்சி, ஆனா இன்னொரு முதலாளிகிட்ட இருக்குத ஆளைக் கலைக்கது எங்க முதலாளிக்குப் பிடிக்காது, அதனால நிரந்தர வேலைக்கு வேற ஆள் எடுத்தாச்சு, இவியள மட்டும் உங்க கம்பெனி மூலமா மூணு மாசம் காண்ட்ராக்ட்ல அனுப்பி வைங்க."