காலியமும் ஒரு குண்டான் தண்ணீரும்

தான் ஆராய்கிற விஷயம் தன் வீட்டிலேயே நடந்தால், ஆராய்ச்சியாளருக்கு மட்டும் அது கண்ணில் படாது. இதற்கு நானே சாட்சி.

எண்பதுகளில், காலியம் என்ற உலோகம் எப்படி உருகுகிறது, எப்படி உறைகிறது என்று சென்னையில் ஆராய்ந்துகொண்டிருந்தேன். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும் உலோகம். அனந்தபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நைனா சொல்லியனுப்ப, செஞ்சிக்குக் கிளம்பினேன். பேராசிரியரிடம் இருந்த ஒரே காலியக் குப்பியும் என்னோடு வந்தது. (ஆய்வகத்தில் விட்டால் யாராவது எடுத்துவிடுவார்களாம். அவ்வளவு பொறுப்பு!)

மே மாத வெயிலில், பஸ்ஸிலேயே காலியம் உருகிவிட்டது. சோடாக்கடையில் ஐஸ் வாங்கி, அலுமினியக் குண்டானில் போட்டு, குப்பியை அதில் புதைத்தேன். காலியம் உறைந்தால் பருக்கும், கண்ணாடியை உடைக்கும். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், குப்பியின் அடி விரிசல் விட்டதைப் பார்க்கவில்லை. ஐஸ் கரைந்ததும் காலியம் மறுபடி உருகிக் கசிந்து, பாத்திரம் தேய்த்த கீறல்கள் வழியாக அலுமினியத்துக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் குப்பியை வெளியே எடுத்த அம்மா கேட்டாள்: "இன்னாடி, பாட்டிலு காலியா?"

தலை பின்னிக்கொண்டிருந்த நான் திரும்பாமலே, "ஆமாம்மா, காலியம்தான்" என்றேன்.

அம்மா குண்டானைக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும், கால் கழுவத் தண்ணீர் கொடுக்க அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் அடி கழன்று விழுந்தது. அவருடைய பட்டுப்புடவை சொட்டச் சொட்ட நனைந்தது. என் கையில் வெறும் வளையம்!

"இன்னாம்மா பண்ண?" என்றார் நைனா, அழாத குறையாக.

மாப்பிள்ளை சேகர், பள்ளி ஆசிரியர், கழன்று விழுந்த அடியிலிருந்து ஒரு சில்லை எடுத்தார். அது அவர் விரலிலேயே அப்பளமாக நொறுங்கியது. "இது எப்படிங்க?" என்று கேட்டார். வெட்கம் மறந்து, காலியம் புகுந்தால் அலுமினியம் வலுவிழந்து நொறுங்கிவிடும் என்று ஈரத்தில் நின்றபடியே பாடம் நடத்தினேன்.

முடிந்ததும் அவர் அம்மா புடவையைப் பிழிந்தார். "வெயிலுக்கு ஜில்லுன்னு கீது. சுடுதண்ணியா இல்லையே, அது போதும்."

அதைக் கேட்டதும் என் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குண்டானில்தான் பாயசம் கொதிப்பதாக இருந்தது. பால் குறைந்ததால் சின்ன பித்தளைப் பாத்திரத்துக்கு மாற்றியிருக்கிறாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சென்னை திரும்பி விஷயத்தைச் சொன்னபோது பேராசிரியரும், "யாருக்கும் அடி படலையே?" என்று மட்டும்தான் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் நான் எதை நீட்டினாலும், மாமியார் அடியில் ஒரு கை கொடுத்துத்தான் வாங்குவார். வீடே சிரிக்கும். போன வாரம் நான் நீட்டியது செய்தித்தாள்.