துரட்டியில் கட்டிய இன்டர்நெட்

லினக்ஸ் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி வரும். அடுத்தவர் கணினியைக் கண்டால் கை சும்மா இருக்காது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் கல்யாணம் நடந்தது. சாணார்பட்டிக்குப் பக்கத்தில் வாழ வந்த இரண்டாவது வாரமே, கணவரின் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். "இனிமேல் வைரஸே வராது" என்று வீட்டில் அறிவிப்பும் செய்தேன். வைரஸ் வரவில்லை என்பது உண்மைதான். இன்டர்நெட்டும் வரவில்லை.

அது பெரிய விஷயமாக ஆனது நேர்முகத்தேர்வு அன்றைக்கு. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை ஒன்றுக்கு பெங்களூர் கம்பெனி அழைத்திருந்தது. காலை பதினோரு மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவர் வேடசந்தூர் மில்லிலும் நான் சென்னை ஹாஸ்டலிலுமாகக் குடும்பம் நடத்த வேண்டியதுதான். (என்ன வேலை என்று சொல்லவில்லையே. லினக்ஸ் சர்வர்களைப் பழுது பார்ப்பது.)

என் போனுக்கு அந்த ஊரில் சிக்னல் கிடையாது. மாமனாரின் சிம்முக்கு மட்டும்தான் உண்டு. அதுவோ பட்டன் போனில் இருந்த பழைய பெரிய சிம். என் போனில் நுழையாது. அதனால் கணவர் திண்டுக்கல்லில் ஒரு டாங்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு மில் பஸ் ஏறிவிட்டார். விரல் நீளத்துக்கு ஒரு மோடம். உள்ளே சிம்மைப் போட்டு லேப்டாப்பில் செருகினால் நெட் வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. 'விண்டோஸில் மட்டும்' என்று கீழே பொடி எழுத்திலும் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

மாமனார் மல்லிகை விவசாயி. மறுநாள் முகூர்த்தம். பூக்கடைக்காரர்கள் ஆர்டர் சொல்லக் கூப்பிடுவது அந்த ஒரே நம்பரில்தான்.

"பத்து மணியில இருந்து போனு வரும்" என்றபடியே போனைப் பிரித்து சிம்மை எடுத்து நீட்டினார். "பரவால்ல தாயி, நீ பேசி முடிச்சிட்டுக் குடு."

எட்டு மணிக்கு டாங்கிளைச் செருகினேன். திரையில் ஒரு சிடி படம் வந்தது. அவ்வளவுதான். அந்த டாங்கிள் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டு, உள்ளே இருக்கும் விண்டோஸ் சாப்ட்வேரை நீட்டிக்கொண்டிருந்தது. அதை மோடமாக மாற்ற ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அது எங்கே இருக்கிறது? இன்டர்நெட்டில்.

ஒன்றரை மணி நேரம் கறுப்புத் திரையில் கட்டளைகளாக அடித்துத் தள்ளினேன். மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எழுத்துகள் ஓடுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தப் பார்வை பிடித்திருந்தது. பாதி கட்டளைகள் வெறும் பந்தாவுக்காக அடித்தவை.

காபி கொண்டுவந்த மாமியார் திரையை எட்டிப் பார்த்தார். "என்னமோ சிடி மாதிரி தெரியுதே. அதையே இம்புட்டு நேரமா பாத்துக்கிட்டு இருக்க? எடுத்து வெளிய போட வேண்டியதுதானே."

"அது நிஜ சிடி இல்ல அத்தை" என்று பொறுமையாக விளக்கிவிட்டு, அவர் அடுப்படிக்குப் போனதும், சும்மா அந்தப் படத்தை 'வெளியேற்று' என்று அழுத்தினேன். சிடி மறைந்தது. மோடம் வந்தது.

நான் எழுந்து நின்று கை தட்டினேன். மாமனாரும் தட்டினார். யார் சொல்லி நடந்தது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்ததாகத் திரையில் ஒரு கட்டம் வந்தது. சிம்முக்கு உண்டான நான்கு இலக்க எண்ணைக் கேட்டது. மூன்று வாய்ப்பு என்றது.

"என்ன தாயி கேக்குது?" என்றார் மாமனார்.

"இது கான்பிகரேஷன் மாமா. டெக்னிக்கல்."

நான்கு பூஜ்யம் அடித்தேன். இல்லை. ஒன்று இரண்டு மூன்று நான்கு. இல்லை. நான்கு ஒன்றுகளை அடிக்கும்போது, இவ்வளவு அனுபவமுள்ளவள் தவறு செய்ய முடியாது என்று நிஜமாகவே நம்பினேன். சிம் பூட்டிக்கொண்டது.

மணி பத்து ஐந்து. நேர்முகம் போனது மட்டுமில்லை, மனிதரின் முகூர்த்த வியாபாரத்தையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறேன்.

"மாமா, உங்க சிம்மு ஏதோ நாலு நம்பர் கேட்டுச்சு..."

"அதா? எட்டு நாலு மூணு ஒம்போது."

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"நம்ம வண்டி நம்பருதான். ராத்திரி போன அணைச்சு வச்சிட்டுக் காலைல போடையில அதத்தானே தெனம் அமுக்குறேன்." வாசலைக் கைகாட்டினார். எனக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், அவருடைய மொபெட் நின்றது. நம்பர் பிளேட்டைப் புதிதாகப் பெயின்ட் வேறு அடித்திருந்தார். காலையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் யோசித்திருக்கிறேன்.

"நாலு நம்பரா? எட்டு நாலு மூணு ஒம்போதுல்ல" என்று அடுப்படியிலிருந்தும் குரல் வந்தது.

அழுதுவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் மாமனார் திட்டவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பிறகு பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து, அந்த சிம் வாங்கியபோது வந்த அட்டையை எடுத்தார். பூட்டைத் திறக்கும் எட்டு இலக்க எண் அதில் அச்சாகியிருந்தது. என்னைத் தொடவிடவில்லை. சிம்மைப் பட்டன் போனில் போட்டு, மாமியார் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, இவர் அழுத்தினார். திறந்துகொண்டது. புது ரகசிய எண் கேட்டபோது, "பழசே இருக்கட்டும்" என்றார்.

உடனே போன் அடித்தது. ஆர்டர். பேசி முடித்தார். மறுபடியும் அடித்தது. பேசினார். மணி பத்து நாற்பது. இனி கேட்க எனக்கு வாயில்லை. அவரே சிம்மைக் கழற்றி நீட்டினார்.

"மாமா, பூ..."

"கூப்பிட்டுக் கெடைக்கலன்னா வண்டியக் கெளப்பிக்கிட்டுத் தோட்டத்துக்கே வந்துருவானுக. உன் கம்பெனிக்காரன் வருவானா?"

டாங்கிளில் போட்டு வண்டி நம்பரை அடித்தேன். இணைப்பு வந்தது. ஆனால் சிக்னல் ஒரே ஒரு கோடு, வீடியோவுக்குப் பற்றாது. மாமனார் யோசிக்கவே இல்லை. ஆட்டுக்குத் தழை பறிக்கும் துரட்டிக் கம்பை எடுத்தார், நுனியில் பூக்கட்டும் வாழைநாரால் டாங்கிளைக் கட்டினார், என் பையில் கிடந்த நீளமான யுஎஸ்பி கேபிளை அதில் மாட்டி, மறுமுனையை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று கோடுகள்.

பதினோரு மணிக்கு பெங்களூர்க்காரர் திரையில் வந்தார். நாங்கள் மறந்தது ஆடுகளை. துரட்டியைத் தூக்கினால் தழை விழும் என்பது அவற்றின் அனுபவம். கொல்லையிலிருந்து நான்கும் ஓடி வந்து, மாமனாரைச் சுற்றி நின்று ஒரே குரலில் கத்தின.

"அங்கே என்ன நடக்கிறது?" என்றார் அதிகாரி.

பொய் சொல்லத் தெம்பில்லை. கேமராவைத் திருப்பிக் காட்டினேன். மாமனார் துரட்டியோடு நிமிர்ந்து நின்று, ஒரு கையால் வணக்கம் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் துரட்டி சாய, அதிகாரி உறைந்துபோனார். நிமிர்த்தியதும் மறுபடி அசைந்தார்.

"ஒரு சர்வர் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

முந்தின நாள் கேட்டிருந்தால் பத்து கட்டளைகளை ஒப்பித்திருப்பேன். "பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன் சார்" என்றேன். ஏன் என்று கேட்டார். எட்டு மணியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நாற்பது நிமிடம் மாமனார் கையை இறக்கவில்லை. முடிந்ததும் இரண்டு கைகளும் மேலேயே நின்றுவிட்டன. மாமியார் எண்ணெய் தேய்த்துத்தான் இறக்கினார்.

வேலை கிடைத்தது. இன்றும் அதையேதான் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது மூக்குக்கண்ணாடியையோ சாவியையோ வாய் திறந்து கேட்காமல் தேடினால், "நம்பர் பிளேட்டப் பாரு" என்பார்கள். என் பிள்ளைகளே என்னிடம் சொல்கிறார்கள்.

மொபெட் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பிளேட்டை மட்டும் மாமனார் கழற்றி, நான் வேலை பார்க்கும் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டிவிட்டார். ரகசிய எண்ணைச் சுவரில் எழுதி வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பது இப்போது நான்தான். வீடியோவில் எனக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எட்டு நாலு மூன்று ஒன்பது தெரிந்துகொண்டிருக்கும்.