கைரேகையில் சிக்கிய கால்குலேட்டர்

திருப்பூர்,
ஐப்பசி, 2006.

பெங்களூரில் கம்ப்யூட்டர்களை மிரட்டி வேலை வாங்கும் என் அக்கா மகள் அனுசுயாவுக்கு, ஆறு தையல் மிஷின்களின் சக்கரவர்த்தியான மாமன் மகுடேஸ்வரன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் சுகம். கரண்டு மட்டும் அவ்வப்போது மயக்கம் போட்டு விழுகிறது.

கண்ணு, நீ அனுப்பிய சிடி வராவிட்டால், ஐரோப்பாவின் குழந்தைகளையெல்லாம் சட்டையில்லாமல் நிறுத்திய பாவி ஆகியிருப்பேன். ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் ஓகே செய்த குழந்தைச் சட்டையின் பேட்டர்ன் ஃபைலுக்கு வைரஸ் கண்டபடி பேர் மாற்றி, ஆயிரக்கணக்கான விண்டோஸ் ஃபைல்களுக்குள் ஒளித்துவிட்டது. அது இல்லாமல் துணி வெட்ட முடியாது. டைலர்கள் சும்மா உட்கார்ந்து டீ குடித்தே நொய்யல் ஆற்றையே வற்ற வைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் லிங்கசாமியைக் கூப்பிட்டால், "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுறலாமுங்க"ங்கிறான். "பேன் பாக்கச் சொன்னா மொட்டை போடறயேப்பா"ன்னேன். அப்புறந்தான் உன் சிடியப் போட்டோம். ஊருலகத்துல தெரிஞ்ச ஃபைலோட கைரேகையெல்லாம் அதுல இருந்துச்சு. பேரைப் பாக்காம, உள்ள இருக்கறதக் கணக்குப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ரேகை எடுத்து, 'நீ விண்டோஸ் ஊட்டுப் புள்ள, தள்ளி நில்லு'ன்னு ஒதுக்கிட்டே வந்துச்சு பாரு! கல்யாணத்துல ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் ஒதுக்கினா, செருப்புத் திருடன் தனியா நிப்பானே, அப்படி ஒரு கைப்பிடி ஃபைல்தான் மிஞ்சுச்சு. அதுல ஒண்ணு நம்ம பேட்டர்ன்! இன்னொண்ணு விண்டோஸோடயே வர்ற கால்குலேட்டர். "பேரு, படம், சைஸ் எல்லாம் சரியா இருக்குது, ரேகைதான் மாறுது. சாயத்துல லேசா ஷேடு மாறினா நாங்க உட்டுருவோம், பாஸ் பண்ணீரு கண்ணு"ன்னு போன்ல சொன்னேன். "மாமா, இது சாயமில்லீங்க. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மொத்தமும் மாறிப்போகும். அதுதானுங்க வைரஸ்!"னு அதட்டினயே, அந்த அதட்டலுக்கு என் ஏழு தலைமுறையும் கைகட்டி நிக்கும்.

சட்டைகள் கப்பலேறிவிட்டன. உனக்குக் கோயில் கட்டுகிறேன் என்றேன். "முதல்ல நம்மூட்டுக் கூரை ஓட்டை மாத்துங்க" என்கிறாள் உன் அத்தை.

ஒரு லாரி நன்றியும் ரெண்டு லாரி ஆசீர்வாதமும் ஏற்றி அனுப்பும்,
மாமன் மகுடேஸ்வரன்

பி.கு.: நல்ல ஃபைல்கள் மறுபடி கும்பலில் கலந்துவிடக் கூடாதே என்று, செக்கிங் முடிந்த பனியனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது போல, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ராபினை விட்டு விண்டோஸ் ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே 'பாஸ்' என்று அடித்து சேவ் பண்ண வைத்தேன். உன் சிடி இப்போது ஒருத்தரையும் தெரியாது என்கிறது. ஒருதரம் ஆஃப் பண்ணிப் போட்டதில், கம்ப்யூட்டருக்குத் தன்னையே தெரியவில்லை, மறுபடி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த ஆர்டரின் பேட்டர்ன் உள்ளே இருக்கிறது. இங்கு வர வெள்ளிக்கிழமை பஸ்ஸில் உனக்கு ஜன்னல் சீட்டே போட்டுவிட்டேன், கண்ணு.